பேசாதவர்களின் பட்டியல்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
21.12.2025

அன்பின் இசபெல் ரீச்சருக்கு,

கண்டவுடன் கிழித்துப் போடாமல் ஒருதரம் வாசியுங்கள். உங்கள் தொலைபேசியில் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டீர்கள். வட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டீர்கள். இரண்டும் நியாயம்தான். வேறு வழி தெரியாமல் நீங்கள் படிப்பிக்கிற முன்பள்ளி முகவரிக்குத் தபாலில் எழுதுகிறேன். லிந்துலைப் பக்கம் பாதை திறந்துவிட்டதோ, தபால் வருகிறதோ என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் திகதி உங்களுக்கு அழைத்து நான் சொன்னது இரண்டே வசனம். "ரீச்சர், திரும்பிப் போங்கோ. பொன்னையா எண்டு ஒருதரும் இல்லை, அது நான்தான்." உங்களுக்குப் பின்னால் யாரோ சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பெயர் வாசிக்கிற சத்தம் கேட்டது. கொத்மலை முகாமில், மண்சரிவில் அகப்பட்டவர்களின் பட்டியலில் நீங்கள் ஒரு மனிதரைத் தேடிக்கொண்டு நின்றீர்கள். அந்த மனிதரை உண்டாக்கியது நான். அதை ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் குற்றம் குறையும் என்று நினைத்து எழுதவில்லை.

வட்டகொடையில் நான் படிப்பித்த பதினொரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த வானொலி நாடகம்தான். ஆறரைக்கு 'பதினேழாம் வளைவு' தொடங்கும், ஏழுக்கு முடியும். ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு, நான் பொறுப்பாக இருந்த எங்கள் வட்ஸ்அப் குழு தொடங்கும். வீடு வாசல் இல்லாத அந்தப் பதினேழாம் வளைவில் ஒரு பெண் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கிப் போகிறாளே, அவள் எங்கே போகிறாள் என்று நூற்றெழுபது பேர் அடிபட்டோம். கணேசமூர்த்தி அண்ணர் தான் இருபது வருடம் கொண்டக்டராக இருந்தவர், அப்படி இறங்கிற ஆட்களைத் தனக்குத் தெரியும் என்பார். ஒரு கல்லறைக்குப் போகிறாள் என்பீர்கள் நீங்கள். ஒரு கிழமைக்குப் பேச்சு ஓயாது.

காசில்லாமல் நாடு படுத்த அந்த 2022இல் நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அவள் போன இடம் யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஆறேழு மாதம் நாங்களே கதையை இழுத்தோம். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நான் மாற்றலாகி யாழ்ப்பாணம் வந்த 2023 வைகாசியில் குழுவில் மிஞ்சியது பூப்படம் போட்ட காலை வணக்கம்தான்.

நீங்கள் மட்டும் ஞாயிறு ஏழு மணிக்குக் குரலில் பேசி அனுப்பினீர்கள். மூன்று கிழமை அனுப்பினீர்கள். மூன்று கிழமையும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் ஏதும் எழுதினால், "சேர் சொன்னா சரிதான்" என்று நாலு பேர் கைகூப்புவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் என்னிடமிருந்த மற்ற இலக்கத்தில், கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்காரர் என்று சொல்லி, பொன்னையா என்ற பெயரில் உள்ளே வந்தேன். முதல் வசனமே உங்களோடு சண்டை. "கல்லறையும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பொம்பள சும்மா பஸ்ஸுல போய்ட்டு வர்றா. காத்து வாங்க."

அன்றிரவு நாற்பது பேர் கதைத்தார்கள், ரீச்சர். ஒரு மாதம் என்றுதான் நினைத்தேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்ற ஒரு வரி போதும்.

சிவராசா


லிந்துலை.
04.01.2026

சிவராசா சேர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்ட ஒரு வரி அதுதான். மீதி எல்லாம் நீங்கள் கேட்காதது.

தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. தேயிலைக்குள்ளே ஏறி இறங்கிப் போனேன். இரண்டு இடத்தில் ரோடே இல்லை, ஆட்கள் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். என் தங்கச்சி கத்தினாள். "முகம் பாக்காத ஒரு ஆளுக்காக நீ சாகப் போறியா அக்கா?" நான் சொன்னேன், "அந்தாளு ரெண்டரை வருசமா எங்கூடப் பேசுனவரு. அங்க அவர தேட ஆளில்ல." அவர் பொஞ்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், நாலு பிள்ளைகளும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் என்று நீங்கள்தான் சொல்லி வைத்திருந்தீர்கள். முட்டி வலி என்றும் சொன்னீர்கள். மலை இறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். அந்த முட்டியோடு அவர் எப்படி ஓடியிருப்பார் என்று.

முகாமில் கிராம சேவகர் பட்டியலை மூன்று தரம் பார்த்தார். "அப்பிடி ஒருத்தர் எங்க டிவிசன்லயே இல்லம்மா" என்றார். அவர் மேல் கோபப்பட்டேன். சொந்தச் சாமான் எதையும் தூக்க நேரமில்லாமல் ஓடி வந்து ஈரத்தோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுசன் அவர். "ஒழுங்கா பாருங்க" என்று அவரைச் சத்தம் போட்டேன். அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது?

உங்களிடம் நாலு விசயம் கேட்கிறேன்.

ஒன்று. பொன்னையா அண்ணனின் மனைவி பார்வதிக்குப் போன வருசம் ஆண்டு நினைவு என்று சொன்னீர்கள். அவர்கள் எங்களைப் போல வேதக்காரர் இல்லை, இந்துக்கள் என்று தெரிந்தும் ஃபாதரிடம் கேட்டு நான் பூசை கொடுத்தேன். கோயிலில் பேர் வாசித்தார்கள். யார் அந்தப் பார்வதி?

இரண்டு. என் மகன் ஜூட்சன் எனக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டதையும், அவனை நான் திட்டியதையும், பேச்சு அறுந்ததையும் யாரிடமும் சொல்லாமல் பொன்னையா அண்ணனிடம் தனியாகச் சொன்னேன். "நாலு பிள்ள வளத்தவன் சொல்றேன், நீங்களா போகாதீங்க, அவனா வரட்டும்" என்றார். எட்டு மாதம் காத்திருந்தேன். அந்த எட்டு மாதம் யாருடையது?

மூன்று. எங்கள் மலையகப் பேச்சை எதற்கு எடுத்தீர்கள்? நீங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம், "போய்ட்டு வர்றேன் இல்லை, போய்விட்டு வருகிறேன்" என்று திருத்துவீர்களாமே. திருத்திய பேச்சையே வேஷத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதுதான் அதிகம் வலிக்கிறது.

நாலு. நவம்பர் முப்பதாம் திகதி ஞாயிறு, "எல்லாரும் இருக்கீங்களா" என்று குழுவில் கேட்டபோது மாசக்கணக்காகப் பேசாதவர்கள் எல்லாம் வந்து, இருக்கேன், இருக்கேன் என்று எழுதினார்கள். பொன்னையா அண்ணனைக் காணோம் என்று நான் கேட்டேன். தேடிப் போகிறேன் என்று அதிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் மூன்றாம் திகதிதான் எனக்கு அழைத்தீர்கள். நடுவில் இரண்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

இசபெல்


கோண்டாவில்.
17.01.2026

அன்பின் ரீச்சருக்கு,

உங்கள் கேள்விகளைக் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். கடினமானதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரண்டு நாளும் பொன்னையாவின் தொலைபேசி என் மேசையில் கிடந்து அடித்தது. நீங்கள் அழைத்ததுதான். பதினான்கு தடவை. "நான் சுகமா இருக்கேன் டீச்சர், சிக்னல் இல்ல" என்று மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தேன். அதை அனுப்பியிருந்தால் நீங்கள் திரும்பியிருப்பீர்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவந்திராது. ஏன் அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று என் மனதில் வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். பொன்னையா மண்ணுக்குள் போய்விட்டார் என்று நீங்களே முடிவெடுப்பீர்கள். குழுவில் அஞ்சலி போடுவீர்கள். எனக்கு இந்தச் சுமை இறங்கும்.

அப்படி நினைத்தவன் நான்தான் ரீச்சர். அந்த மலையில் உண்மையாகவே மனிதர் செத்துக் கிடந்த கிழமையில் அப்படி நினைத்தேன்.

மூன்றாம் திகதி காலை என் மனைவி இராசமணி வந்து, "ஏன் அந்தப் போன் கத்திக்கொண்டே கிடக்குது? எடுங்கோவன்" என்றா. நான் சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிற மனுசி. கதிரையில் இருந்தபடி முழுவதையும் கேட்டா. கேட்டுப்போட்டு, "அந்தப் பிள்ளை சரிவுக்குள்ளை நடந்து திரியுது. நீங்கள் இஞ்சை இருந்து யோசிக்கிறியளோ?" என்று கேட்டா. அதன் பிறகுதான் உங்களுக்கு அழைத்தேன். அவ சொல்லியிராவிட்டால் எத்தனை நாள் இருந்திருப்பேனோ தெரியாது.

பேச்சு விசயம். நீங்கள் சொன்னது உண்மை. வகுப்பில் திருத்தினேன். ஆனால் ஓய்வறையில், ரயில் மேடையில், தேத்தண்ணிக் கடையில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினொரு வருடம் கேட்டதை ஊருக்கு வந்த பிறகு கேட்கக் கிடைக்கவில்லை. பொன்னையாவாக எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுவேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. அது திருட்டுச் சந்தோசம். கேட்காமல் எடுத்தேன்.

ஜூட்சன் விசயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாலு பிள்ளை வளர்த்தவர் என்று எழுதியது ஆளுக்குக் கனம் கொடுக்க. நீங்கள் மகனைப் பற்றி எழுதிய அன்று, இது நாடகக் கதை இல்லை, இதற்குப் பொன்னையா பதில் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, பதில் சொன்னேன். பதில் சொல்லாவிட்டால் நீங்கள் பேச்சை நிறுத்திவிடுவீர்கள் என்று பயம். அவ்வளவுதான் காரணம். அந்த எட்டு மாதத்தை நான் எந்த வழியிலும் திருப்பித் தர ஏலாது.

பார்வதி என்று ஒருவரும் இல்லை. ஒரு பெயர் தேவைப்பட்டது, வந்ததை எழுதினேன். பூசை கொடுத்த விசயத்தை நீங்கள் அப்போது பொன்னையாவிடம் சொன்னபோது, "பெரிய மனசு டீச்சர்" என்று எழுதிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இராசமணி அன்று புட்டு அவித்திருந்தா. எனக்குச் சாப்பிட முடியவில்லை.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அந்தப் பூப்படங்கள்தான். உங்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகப் படும். அறுபது வயது மனுசன் ஒரு நாடகத்தைப் பற்றிக் கதைக்க ஆளில்லை என்று இப்படிச் செய்தான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நாடகம் நின்ற நாளில் எனக்கு வராத துக்கம், ஒருவரும் கதைக்காத அந்த முதல் ஞாயிறு வந்தது.

சிவராசா


லிந்துலை.
08.02.2026

சிவராசா சேருக்கு,

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்த முதல் ஞாயிறு எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேசி அனுப்பிவிட்டு, இரண்டு நீல அடையாளம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கருக்கினேன். பொன்னையா அண்ணன் வந்து சண்டை பிடித்த அன்று வீட்டில் நான் தனியாகச் சிரித்தேன். "ஒரு பொம்பளைக்குக் காத்து வாங்க அவ்வளவு நேரம் எங்கங்க இருக்கு?" என்று அவரைக் கிழித்துத் தொங்க விட்டது நினைவிருக்கும். அதனால்தான் சேர் என் கோபம் இவ்வளவு பெரிது.

கொழும்புக்குப் போய் ஜூட்சனைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கதவைத் திறந்தவன், "நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா" என்றான். அவன் பெண்சாதி சிங்களப் பிள்ளை, ஆறு மாதக் கர்ப்பம். தமிழ் இரண்டு மூன்று வார்த்தைதான் தெரியும். எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, பக்கத்திலேயே நின்றது. அவனும் காத்திருந்தான், நானும் காத்திருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி உங்களோடு பேச மாட்டேன்.

இப்போது எழுதுவதை ஜூட்சனிடம்கூட நான் சொல்லவில்லை.

அன்றைக்கு முகாமில், நீங்கள் அழைப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், கிராம சேவகரிடம் நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் பின்னால் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். காலில் செருப்பில்லை. "நீங்க இசபெல் டீச்சருங்களா?" என்று கேட்டார். முன்னே பின்னே பார்த்ததில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

"கொரல வச்சுதான். எங்க வீட்ல ஞாத்திக்கெழமன்னா ஒங்க கொரலுதான் ஓடும்."

அவர் பெயர் சுமன். அவர் மனைவி கிருஷாந்தி நம் குழுவில் இருந்திருக்கிறாள். குழுவில் தேடினாலும் தெரியாது, பெயரே போட்டுக்கொள்ளவில்லை, ஒரு ரோஜாப் படம் மட்டும். நாடகம் ஓடிய காலத்திலிருந்து இருக்கிறாள். ஒரு வார்த்தை எழுதியதில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை வந்தால் டீச்சர்மார் சிரிப்பார்கள் என்று பயமாம். கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்படியில் போனை வைத்து, நான் பேசியதை எல்லாம் போட்டுக் கேட்பாளாம். பொன்னையா எழுதியதைப் புருசனை வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம்.

"டீச்சர் சொல்றதும் தப்பு, அந்த பெரியவரு சொல்றதும் தப்புன்னு சிரிப்பா" என்றார்.

"அப்ப அவங்க என்னதான் சொன்னாங்க?"

"அத மட்டும் எங்கிட்ட சொல்லல. நின்ன நாடகத்த மறுபடி போட்டு முடிக்கட்டும், அப்பறம் சொல்றேன்னா."

கரண்ட் இல்லாததால் இரண்டு போனையும் சார்ஜ் போடச் சுமன் டவுனுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வரும்போது அவர்கள் இருந்த லயமே இல்லை. வரிசையாக இருந்த ஏழு வீடும் மண்ணுக்குள். கிருஷாந்தியை மறுநாள் எடுத்தார்களாம்.

அவர் என்னிடம் கேட்டார் சேர். கோபமாகக் கேட்கவில்லை. "குரூப்புல எல்லாரும் பொன்னையா எங்க, பொன்னையா எங்கன்னு தேடுனீங்க. போன கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ பேர யாராச்சும் கேப்பீங்கன்னு."

நான் வாயைத் திறக்குமுன் என் போன் அடித்தது. நீங்கள்.

இல்லாத ஆளைத் தேடி நான் அவ்வளவு தூரம் நடந்தேன். இருந்தவளை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் பேசியதில்லை. இதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இத்தனை நாளும் பிரித்துப் பார்த்தேன். பேசுகிறவர்கள்தான் குழு என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பைப் பற்றி இப்போது பேசாதீர்கள். இரண்டு வேலை செய்யுங்கள். குழுவில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு குழுவில் இருக்கிற இலக்கம் எல்லாவற்றையும் எழுதி எடுங்கள். பாதியை எனக்கு அனுப்புங்கள். பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அழைத்து, ஆள் இருக்கிறதா என்று கேட்போம். பேசாதவர்களிலிருந்து தொடங்குவோம்.

இசபெல்


கோண்டாவில்.
01.03.2026

அன்பின் ரீச்சருக்கு,

பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்பத்துமூன்று இலக்கம் உங்களுக்கு. கிருஷாந்தியின் இலக்கத்தை உங்கள் பக்கத்தில் முதலாவதாக எழுதியிருக்கிறேன். எனக்கு அழைக்கத் துணிவில்லை.

பதினைந்தாம் திகதி, ஞாயிறு ஏழு மணிக்குக் குழுவில் சொன்னேன். எழுதினால் அலங்காரம் வந்துவிடும் என்று குரலில் சொன்னேன். கிருஷாந்தியைப் பற்றியும் சொன்னேன். நான்கு நிமிடம்.

இருநூற்றுக்கு மேல் பதில் வந்தது. நாடகம் ஓடிய காலத்திலும் ஒரே இரவில் இத்தனை வந்ததாக நினைவில்லை. ஒருவர், "எங்க ஆளுங்க பேரே ஒங்களுக்கு வெளையாட்டா?" என்று கேட்டார். லக்ஸ்மன் என்ற பொடியன், வட்டகொடையில் என்னிடம் படித்தவன், "சேர், நீங்களா?" என்று மட்டும் எழுதினான். அதை இன்னும் திறந்து திறந்து பார்க்கிறேன். சில பேர் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார்கள். கணேசமூர்த்தி அண்ணர்தான் கடைசியில் பேசினார். "சேர், பஸ்ஸுல கள்ள டிக்கட் ஓட்டுற கண்டக்டர நாங்க எறக்கித்தான் விடுவோம். கோச்சுக்காதீங்க." குழுப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன்.

அன்றிரவு எவ்வளவு பேர் கதைக்கிறார்கள் என்று ஒரு கணம் எனக்குள்ளே சந்தோசப்பட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை அந்தக் கணத்தில்தான் முழுதாக அறிந்தேன். இதை உங்களுக்கு மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

அழைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர். கால்வாசி இலக்கங்கள் இப்போது பாவனையில் இல்லை. நாலு பேர் கட்டாரில். ஒரு மனுசி, "எந்த நாடகம்?" என்று கேட்டா. இன்னொருவர் நான் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார். ஆர்த்திகா என்ற பிள்ளை, நாடகம் ஓடிய காலத்தில் பத்தாம் வகுப்பாம், இப்போது ஹற்றனில் தாதி. "நா எதுவுமே எழுதினதில்ல சேர், பெரியவங்க பேசுறத கேட்டுக்கிட்டு இருப்பேன். அது நின்னதுக்கப்பறம் ஞாயித்துக்கிழம என்னமோ மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு, "எதுக்கு சேர் இப்ப கூப்புட்டீங்க?" என்றாள். சுகமா என்று கேட்கத்தான் என்றேன். "மழ நேரம் எங்க வீட்டுப் பக்கமும் சரிஞ்சிச்சு சேர். யாருமே கேக்கல" என்றாள்.

மிச்சத்தையும் அழைப்பேன். என்னைத் திட்டுவதற்கென்றே சிலர் எடுக்கிறார்கள். அதுவும் ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம்தானே.

சிவராசா


லிந்துலை.
22.03.2026

அன்புள்ள சிவராசா சேருக்கு,

என் பக்கத்து எண்பத்துமூன்றும் முடிந்தது. இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள், மழைக்கு இல்லை, நோய் வருத்தத்துக்கு. அதுவும் நமக்குத் தெரியாது. பதினெட்டுப் பேர் மழையில் வீடு மாறியிருக்கிறார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். ஏன் பேசுவதில்லை என்று நான் கேட்கவில்லை. சிலர் அவர்களாகச் சொன்னார்கள். பேச ஒன்றுமில்லையாம், ஆனால் வெளியே போக மனசு வரவில்லையாம்.

சுமனுக்கு நான் அழைத்தபோது கிருஷாந்தியின் போனை உடனே எடுத்தார். ரீலோட் போட்டுப் போட்டு அந்த நம்பரை உயிரோடு வைத்திருக்கிறார். இப்போது தோட்டத்துப் பழைய ஸ்டோரில், துணி மறைப்புக் கட்டி ஆறு குடும்பத்தோடு இருக்கிறாராம். "அந்தக் குரூப்புல அவ எடத்துல நா இருக்கலாங்களா? பேச மாட்டேன்" என்றார். நான் கணேசமூர்த்தி அண்ணனிடம் சொல்லி, நானும் திரும்பக் குழுவில் சேர்ந்தேன்.

நீங்கள் இப்போது உள்ளே இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு ஏழு மணிக்கு, அந்த ரோஜாப் படத்திலிருந்து முதல் தடவையாக ஓர் எழுத்து வந்தது. "இது சுமன். கிருசாந்தி வீட்டுக்காரர். அந்த அம்மா எங்க போனாங்கன்னு அவ தெரிஞ்சுக்க ஆசப்பட்டா. உங்களுக்கு தெரிஞ்சத சொல்லுங்க."

முதலில் கணேசமூர்த்தி அண்ணன் தன் பதிலைச் சொன்னார். பிறகு ஹற்றன் ஆர்த்திகா. பிறகு கட்டாரிலிருந்து ஒருவர். நான் கல்லறை என்றேன். ஒருவரும் ஒருவரையும் மறுத்துப் பேசவில்லை. நம் குழுவில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. முப்பது பேருக்கு மேல் சொன்னார்கள், ஒவ்வொருவரும் அவளுக்கே சொல்வதுபோல.

எல்லாம் முடிந்த பிறகு சுமன் எழுதினார். "நா நாடகம் கேட்டதில்ல. அந்த எடத்துல வீடு இல்லன்னு எல்லாரும் சொல்றீங்க. முன்ன இருந்திருக்கும்ல?"

அந்த நாடகத்தை எழுதினவர் என்ன நினைத்தாரோ, எனக்கு அது இனி வேண்டாம், சுமன் சொன்னதே போதும்.

இன்றும் ஞாயிறு. ஏழு மணிக்குப் போனைப் பார்த்தேன். யாரும் பேசவில்லை. நானும் ஒன்றும் அனுப்பவில்லை. முன்பு இந்த அமைதி என்னை யாரோ கைவிட்டதுபோல இருக்கும். இன்று அப்படி இல்லை. சந்தோசமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். பழைய சத்தம் திரும்பி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக அழுதேன், எழுந்து பாத்திரம் கழுவினேன். செவ்வாய்க்கிழமை சுமனுக்கு அழைப்பேன், வியாழக்கிழமை வேறு இரண்டு பேருக்கு.

பொன்னையா அண்ணனையும் நினைக்கிறேன். அவரிடம் சொல்வதற்கு மனதில் ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கிறது. அது உங்களிடம் சொல்வது ஆகாது. அவர் எனக்கு இறந்துபோனவர். விளையாட்டுக்குக்கூட அவர் குரலில் இனி எழுத வேண்டாம்.

குழுவில் உங்களை யாரும் கேட்கவில்லை. லக்ஸ்மன் மட்டும் என்னிடம் தனியாக, "சேர் எப்படி இருக்காரு?" என்றான். நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவன் அழைத்தால் எடுங்கள்.

உங்கள் நம்பரை நான் இன்னும் திறக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. ஆனால் எழுதுங்கள். உங்கள் வீட்டு விசயம் எழுதுங்கள், இராசமணி அக்கா என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். தபாலில் வந்து, நான் வாசித்து, பதில் எழுதிப் போட இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அவ்வளவு நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

இசபெல்